யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்ல வேண்டாம்?

"டாக்டர், இது நமக்குள்ளேயே இருக்கட்டும்."

என் கிளினிக்கில் வாரத்துக்கு நாலு பேராவது இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். மூல நோய்க்கு வந்தவர் சொல்வார். தோலில் வெண்புள்ளி விழுந்த கல்லூரிப் பெண்ணின் அம்மா சொல்வார். சர்க்கரை இருப்பது ஆபீஸில் தெரிந்தால் புரமோஷன் போய்விடுமோ என்று பயப்படுகிற வங்கி அதிகாரி சொல்வார். நானும் தலையாட்டுவேன். அது என் தொழில் தர்மம்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பேன். "எனக்கு முழுசா சொல்லிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் பலர் விழிப்பார்கள். ஊருக்கு மறைத்து மறைத்துப் பழகி, கடைசியில் வைத்தியனிடமும் பாதியை மறைத்திருப்பார்கள். மறைப்பதில் தப்பில்லை. யாரிடம் மறைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. இதை விளக்க எனக்குத் தெரிந்து ஆர்தர் ஆஷைவிட நல்ல உதாரணம் இல்லை. டென்னிஸ் ரசிகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1943-ம் வருடம் ஜூலை 10-ந் தேதி, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். கறுப்பினத்தவர். ஏழு வயது நிறைவதற்குள் தாயை இழந்தவர். வெள்ளையர்கள் ஆடும் மைதானங்களில் கால் வைக்க முடியாத காலத்தில் மட்டையைப் பிடித்து, 1968-ல் அமெரிக்க ஓப்பன், 1970-ல் ஆஸ்திரேலிய ஓப்பன், 1975-ல் விம்பிள்டன் என்று மூன்றையும் வென்றார். விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஜிம்மி கானர்ஸ். ஆஷ் தோற்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 6-1, 6-1, 5-7, 6-4 என்று ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனார். சத்தம் போட மாட்டார், மட்டையை வீச மாட்டார், நடுவரோடு சண்டைக்கு நிற்க மாட்டார். அப்படி ஒரு நிதானம்.

அவர் மனைவி ஜீன் புகைப்படக் கலைஞர். பிறந்த வீட்டுப் பெயர் மூட்டூசாமி. எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? நம்ம ஊர் முத்துசாமிதான்! அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்காக நம் பக்கத்து மக்களைக் கப்பலேற்றிப் பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழியில் வந்த குடும்பம். எழுத்து பிரெஞ்சுக்காரர்களுடையது, பெயர் நம்முடையது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒல்லியான உடம்பு, ஓயாத ஆட்டம்... ஆனாலும் இதயம்

1979 ஜூலை கடைசியில், நியூயார்க்கில் டென்னிஸ் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த சமயத்தில் ஆஷுக்கு மாரடைப்பு வந்தது. வயது 36. கொழுப்பு தொங்கும் உடம்பா? இல்லை. உலகத்தின் முதல்தர விளையாட்டு வீரர்! "தினமும் வாக்கிங் போறேனே, எனக்கு எப்படி டாக்டர் ஹார்ட் பிராப்ளம் வரும்?" என்று கேட்கும் வாசகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவருடைய தந்தைக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்திருந்தது. வம்சத்தில் வருகிற குற்றத்தை உடற்பயிற்சி தள்ளிப்போடும், பல சமயம் அடக்கி வைக்கும். அடியோடு அழித்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எங்கள் சித்த மருத்துவத்தில் இதய நோயைத் தமரக நோய் என்போம். பெற்றோருக்கு அது இருந்தால் பிள்ளைகள் முப்பது வயதிலிருந்தே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

சோதித்துப் பார்த்ததில் ஒரு ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது. இன்னொன்று 95 சதவீதம். மூன்றாவது இரண்டு இடங்களில் பாதி. அந்த வருடம் டிசம்பர் 13-ந் தேதி நாலு இடத்தில் பைபாஸ் செய்தார்கள். மறுபடி ஆட வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். எகிப்துக்குப் போன இடத்தில், கெய்ரோவில் ஓடும்போது மார்பில் வலி வந்தது. 1980 ஏப்ரலில் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார்.

ஆடாவிட்டால் என்ன, பேசலாமே! எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக விம்பிள்டன் வர்ணனை, ஏ.பி.சி.க்காக மற்ற போட்டிகள் என்று மைக்கைப் பிடித்தார். நம் வீடுகளில் தூர்தர்ஷனில் விம்பிள்டன் பார்த்தவர்களுக்கு அவர் குரல் கேட்டிருக்காது. அது அமெரிக்க ஒளிபரப்பு.

1983 ஜூனில் மறுபடி இதய அறுவை சிகிச்சை. அது நன்றாகவே முடிந்தது. ஆனால் பிறகு ஒரே அசதி. இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சில நாள் பொறுத்தால் தானே தெம்பு வரும், வேண்டுமானால் ரத்தம் ஏற்றலாம், சீக்கிரம் தேறிவிடுவீர்கள் என்று இரண்டு வழி சொன்னார்களாம். அவர் ரத்தம் ஏற்றிக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அன்றைக்கு ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கச் சோதனையே கிடையாது. அது அமெரிக்காவில் வந்தது 1985 மார்ச்சில்.

அந்த ரத்தத்தில் கிருமி இருந்தது.

ஐந்து வருட மௌனம்

எச்.ஐ.வி. உடம்புக்குள் வந்ததும் ஆளைச் சாய்ப்பதில்லை. ஆரம்பத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி மாதிரி வரும், போகும். பிறகு வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. சிகிச்சையே எடுக்காவிட்டால்கூட எய்ட்ஸ் என்ற நிலைக்கு வரச் சராசரியாக எட்டு முதல் பத்து வருடம் ஆகும். உள்ளே மட்டும் ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையைக் கிருமி தின்றுகொண்டே இருக்கும். வீட்டு உத்திரத்தைக் கரையான் அரிக்கிற மாதிரி. வெளிப்பூச்சு பளபளவென்று இருக்கும்.

சித்த நூல்களில் உடல் வன்மையை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். பிறவியிலேயே வருவது இயற்கை வன்மை. வயதையும் பருவத்தையும் பொறுத்தது கால வன்மை. உணவாலும் மருந்தாலும் நாம் சேர்ப்பது செயற்கை வன்மை. இந்தக் கிருமி மூன்றையும் சேர்த்து அடித்துவிடுகிறது. லேகியம் சாப்பிட்டு மூன்றாவதை மட்டும் கூட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது பொத்தல் குடத்தில் தண்ணீர் மொள்கிற கதை.

1988 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் ஆஷ் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றப் போனார். வலது கை கேட்கவில்லை. மட்டை பிடித்து உலகத்தை வென்ற கை! இடது பக்க மூளையில் கோளாறு என்றால் வலது கைதான் பாதிக்கும். ஸ்கேனில் மூளையில் ஏதோ தெரிந்தது. செப்டம்பரில் மண்டையைத் திறந்து, அந்தத் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். டாக்ஸோபிளாஸ்மோசிஸ்.

இது ஒரு ஒட்டுண்ணியால் வருவது. பூனைக் கழிவு பட்ட மண், சரியாக வேகாத இறைச்சி மூலம் பலர் உடம்புக்குள் போய்விடும். போய்த் தூங்கிவிடும். ஆரோக்கியமானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. (பூனை வளர்க்கும் வாசகிகள் உடனே அதை விரட்டிவிட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர் மட்டும் பூனைக் கழிவை அள்ளக் கூடாது, அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும்.) எதிர்ப்பு சக்தி சரிந்தால்தான் அது எழுந்து மூளையைத் தாக்கும். ஆகவே டாக்டர்களுக்கு உடனே சந்தேகம் வந்தது. ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. உறுதியானது. எய்ட்ஸ் என்ற கட்டத்துக்கே வந்துவிட்டிருந்தது.

மனைவிக்குச் சோதனை செய்தார்கள், கிருமி இல்லை. 1986 டிசம்பரில் பிறந்து, இவர்கள் தத்தெடுத்து வளர்த்த மகளுக்கும் இல்லை. அந்தக் குழந்தையின் பெயர் கேமரா. அம்மாவின் தொழிலைப் பெயராக வைத்தார்கள்.

குரலில் தெரியவில்லை

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம். 1988-லிருந்து 1992 வரை அந்த மனிதர் தன் நோயை வெளியில் சொல்லவில்லை. வர்ணனையையும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் விம்பிள்டன் வந்தால் லண்டனுக்கு விமானம் ஏறி, கமெண்ட்ரி பெட்டியில் உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் சர்வ் போட்டால் நல்லது என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்த வைத்தியனுக்கு நோயைக் கணிக்க எட்டு வகைத் தேர்வு உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் மொழி என்பது நோயாளியின் குரல். உரத்த ஒலியா, தாழ்ந்த ஒலியா, சமமா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். எனக்கு இதில் ரொம்ப நம்பிக்கை உண்டு. நோயாளி கதவைத் திறந்து "வணக்கம் டாக்டர்" என்று சொல்வதிலேயே பாதி கணித்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் ஆஷ் கதையைப் படித்த பிறகு அந்தப் பெருமை கொஞ்சம் அடங்கியது. லட்சக்கணக்கான பேர் நாலு வருடம் அந்தக் குரலைக் கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குரலும் நாடியும் வழிகாட்டும். ஆனால் சில நோய்களை ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். இதைச் சொல்லச் சித்த வைத்தியன் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, அவர் மறைத்தது சரியா?

அவர் யாரிடம் மறைத்தார் என்று பாருங்கள். மனைவிக்குத் தெரியும். மருத்துவர்களுக்கு எல்லாமே தெரியும். நெருங்கிய நண்பர்கள் சிலருக்குத் தெரியும். அவர்கள் நாலு வருடம் வாயைத் திறக்கவில்லை, அப்படிப்பட்ட நண்பர்கள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். 1987-ல்தான் அங்கீகாரம் பெற்றிருந்த ஏ.இஸட்.டி. என்ற மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அது ஒன்றுதான் இருந்தது. ஆக, அவர் ஊரிடம் மறைத்தாரே தவிர, சிகிச்சையிடமிருந்து ஓடவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து வர்ணனை செய்தவர்களுக்கு ஆபத்து இருந்ததா? துளியும் இல்லை. ஒரே மைக்கில் பேசினால், ஒரே தட்டில் சாப்பிட்டால், கை குலுக்கினால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்கு... இந்த வழிகளில்தான் வரும். பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆபத்தில்லாதபோது அவருக்குச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. இது என் அபிப்பிராயம்.

ஆஷின் காரணங்களும் எளிமையானவை. மகள் சின்னக் குழந்தை, பள்ளியில் அவளை என்ன சொல்வார்களோ! வேலை போய்விடுமோ! அன்றைக்கு எய்ட்ஸ் என்றாலே ஒழுக்கம் கெட்டவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள். ரத்தம் ஏற்றியதால் வந்தது என்று எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியும்? அப்படி விளக்குவதுகூட, வேறு வழியில் நோய் வந்தவர்களைக் கீழே தள்ளிவிட்டு நான் மட்டும் நல்லவன் என்று சொல்வதாகிவிடும். நம் ஊரில் இன்றைக்கும் இந்த வழக்கம் உண்டு. "பாவம், அவருக்கு ரத்தம் ஏத்தினதால வந்தது" என்று சிலருக்கு மட்டும் இரக்கம் காட்டுவோம். கிருமிக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. நோயாளிக்கு வைத்தியனும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

1992 ஏப்ரல் 7-ந் தேதி, யு.எஸ்.ஏ. டுடே பத்திரிகையிலிருந்து வந்து கேட்டுவிட்டார்கள். கேட்ட நிருபர் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமானவர். உங்களுக்கு எய்ட்ஸ் என்று சொல்கிறார்களே, உண்மையா? ஆஷ் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஆனால் விஷயம் இனி கையில் நிற்காது என்று புரிந்துவிட்டது. மறுநாளே நியூயார்க்கில் எச்.பி.ஓ. அலுவலகத்தில் நிருபர்களைக் கூப்பிட்டுத் தானே சொன்னார். நான் தேர்தலில் நிற்கிறவன் இல்லை, என் உடம்பைப் பற்றி உலகத்துக்கு அறிக்கை கொடுக்கும் கட்டாயம் எனக்கு ஏன் வந்தது என்ற பொருளில் பேசினார். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தவர், மகளைப் பற்றிய இடம் வந்ததும் உடைந்துபோனார். மூட்டூசாமி வீட்டுப் பெண் எழுந்து வந்து அந்தப் பகுதியைப் படித்து முடித்தார்.

பத்திரிகை தரப்பில், பிரபலமான ஒருவரின் கடும் நோய் செய்திதான் என்றார்கள். வாசகர்களில் பலர் பத்திரிகையைக் கண்டித்து எழுதினார்கள். நானும் பத்திரிகையில் எழுதுகிறவன்தான், ஆனாலும் வாசகர்கள் பக்கம்தான். ஒருவர் நோய் அவருக்கே சொந்தம். அதைச் சொல்லும் நேரத்தையாவது அவரிடம் விட்டிருக்கலாம்.

வேலை போகுமோ என்று பயந்தாரே, போகவில்லை. அந்த வருட விம்பிள்டனுக்கும் எச்.பி.ஓ. வர்ணனையாளராகவே போனார். எய்ட்ஸ் ஒழிப்புக்காக அறக்கட்டளை தொடங்கினார். டிசம்பர் 1-ந் தேதி உலக எய்ட்ஸ் தினத்தன்று ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். 1993 பிப்ரவரி 6-ந் தேதி, எய்ட்ஸோடு வருகிற நிமோனியாவால் இறந்தார். வயது 49.

இன்றைக்கு என்றால்

மூன்று வருடம் தாக்குப்பிடித்திருந்தால் கதை மாறியிருக்கும். 1996 வாக்கில்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்தது. 1991 நவம்பரில் தனக்கு எச்.ஐ.வி. என்று அறிவித்த கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சனுக்கு அந்த மருந்துகள் கிடைத்தன. ஆஷுக்கு ஐந்து மாதம் முன்பே அறிவித்தவர், பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான், 1986-ல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் அந்த ஆய்வு நடந்தது. தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியத்தில் நோயாளிகள் குவிந்தபோது, நவீன மருந்துகள் சாமானியருக்கு எட்டாத விலையில் இருந்தன. அப்போது ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற சித்த மருந்துகளை அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். பசி எடுத்தது, எடை கூடியது என்று அந்த மருத்துவர்கள் எழுதினார்கள். என் துறைக்கு அது பெருமைதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு "எய்ட்ஸ் பூரண குணம்" என்று போர்டு மாட்டியவர்களை என்னால் மன்னிக்க முடியாது. எய்ட்ஸைக் குணப்படுத்துகிறேன் என்று மருந்தை விளம்பரம் செய்வதற்குச் சட்டத்திலேயே இடமில்லை. 2004 ஏப்ரல் 1-ந் தேதி முதல் கூட்டு மருந்தை அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. இப்போது பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றுவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது என்பது நிரூபணமாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளலாம், கிருமியில்லாத குழந்தை பெறலாம்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். பசிக்கும் தெம்புக்கும் நான் ஏதாவது தருகிறேன், அதுவும் உங்கள் ஏ.ஆர்.டி. டாக்டருக்குத் தெரிந்துதான்.

ஏன் தெரிய வேண்டும்? மூலிகைதானே, பக்கவிளைவு இல்லையே என்பார்கள். அட, வேலை செய்கிற மருந்து எதுவானாலும் விளைவு இருக்கும். சில மூலிகைகள் மற்ற மருந்தை ஈரல் கையாளும் விதத்தையே மாற்றிவிடும். இதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர், தினம் பூண்டு மாத்திரையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு வரலாம். சமையலில் போடுகிற நாலு பல் பூண்டைச் சொல்லவில்லை. அதனால்தான், அலோபதி டாக்டரிடம் சித்த மருந்தை மறைக்காதீர்கள், சித்த வைத்தியனிடம் அலோபதி சீட்டை மறைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். பலர் அவரை டாக்டராகவே எண்ணுவதில்லை!

கல்யாணப் பேச்சு நடக்கும்போது என்ன செய்வது? இதை நிறைய அம்மாக்கள் கேட்கிறார்கள். வாழப்போகிற அந்தப் பையனிடம் அல்லது பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். வலிப்பு, சர்க்கரை, எச்.ஐ.வி. எதுவானாலும் நிச்சயத்துக்கு முன்பே. ஜாதகம் வாங்க வந்த தூரத்துச் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ம் வருடத்துச் சட்டம் ஒன்று, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவர் நிலைமையை வெளியில் சொல்லக் கூடாது, வேலையைவிட்டு நீக்கக் கூடாது. கணவனுக்கோ மனைவிக்கோ ஆபத்து இருந்தால் மட்டும், உரிய முறைப்படி அவரிடம் டாக்டர் சொல்ல அதில் வழி இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் ரத்தச் சோதனை இலவசம். ரகசியமாகவே செய்வார்கள்.

கடைசியாக ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு, ஊரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தாறு வயது. ஆவணி மாதம் தனியாக வந்தார். "பசியே இல்லை டாக்டர், ஒரு கஷாயம் எழுதிக் குடுங்க" என்றார். முகம் சரியில்லை. எப்போதிருந்து என்றேன். ஆடியிலிருந்து என்றார். அப்புறம் ஒரு மௌனம். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பொலபொலவென்று அழுதுவிட்டார். ஆடியிலேயே இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "இப்ப போய் இதை வெளியில சொன்னா சம்பந்தி வீட்டில என்ன நினைப்பாங்க? அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பாங்களே! கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு..."

ஆடியிலிருந்து தை என்றால் ஆறு மாதம். மார்பில் வலியில்லாத கட்டி என்றால் ஆறு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எல்லாக் கட்டியும் புற்று அல்ல, பெரும்பாலானவை அல்லவே அல்ல. ஆனால் அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், கஷாயம் குடித்துச் சொல்ல முடியாது. நான் கஷாயம் எழுதவில்லை. கடிதம் எழுதினேன், எனக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை நிபுணருக்கு. "உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லுங்கம்மா. வேற யாருக்கும் வேண்டாம். சம்பந்தி வீட்டுக்கு நானா போய்ச் சொல்லப் போறேன்?"

புற்றுதான். புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. உறவுக்காரர்களுக்குப் பித்தப்பைக் கல் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காலம், அக்குளில் நெறி கட்டவில்லை. கார்த்திகையில் கீமோ ஆரம்பித்தது, முடி கொட்டத் தொடங்கியது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் அந்த அம்மாவே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அந்தப் பையன், "முதல்லயே சொல்லியிருந்தா நான் ரத்தம் குடுக்க வந்திருப்பேனே அத்தை" என்றானாம்.

தை மாதக் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது, போயிருந்தேன். பட்டுப்புடவையில், மழமழவென்று மொட்டைத் தலையோடு, சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என் பின்னால் வந்த வயதான மாமி ஒருவர் விசாரிக்க, "பழனிக்கு வேண்டிக்கிட்டேன் மாமி, கல்யாணம் நல்லபடியா கூடிவந்தா முடி எறக்கறதா" என்று அவர் சொல்ல, மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த அம்மா ஒரு சின்னச் சிரிப்பு சிரித்து, "சாப்பிடாம போயிடாதீங்க டாக்டர்" என்றார்.